முதல் கொட்டாவி யாருடையது?

சார், அந்தக் கொட்டாவியை முதலில் விட்டது நீங்கள். என் தோழி இல்லை.

இதை நான் இப்போது புதிதாகச் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பில் உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். மர ஸ்கேலால் முட்டியில் ஒன்று போட்டு வெளியே நிற்க வைத்தீர்கள். இப்போது எனக்கு ஐம்பது நெருங்குகிறது. முட்டி தானாகவே வலிக்கிறது, ஸ்கேல் வேண்டியதில்லை. ஆனால் பேச்சு மாறவில்லை.

நம் வகுப்பு மக்களே, பழைய மாணவர் விழா மலருக்கு இனிமையான நினைவு ஒன்று எழுதிக் கொடு என்று கேட்டது நீங்கள்தான். இனிமையாக எழுத எனக்கு வராது என்று தெரிந்தும் கேட்டீர்கள். வாட்ஸப் குரூப்பில் சார் அனுப்பிய குரல் பதிவை எல்லோரும் கேட்டோம். "ஒரு பொண்ணு கொட்டாவி வுட்டே இன்ஸ்பெக்‌ஷன கெடுத்தாளே, அவ வராளாப்பா?" என்று சார் சிரிக்கிறார். கீழே வரிசையாக நீங்கள் போட்ட சிரிப்புப் பொம்மைகள். அவள் அந்தக் குரூப்பில் இல்லை. ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அது தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி. தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். பெரிய காஞ்சிபுரத்தில் நம் தெருக்களில் அப்போது தூக்கம் என்பதே கிடையாது. விடியும் முன்பே தெரு நீளத்துக்குத் தறிப் பாவு நூலை இழுத்துக் கட்டுவார்கள். வண்டிகள் வருவதற்குள் வேலை முடிய வேண்டும். பிள்ளைகள் நாமும் எழுந்து போய்க் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நூலுக்குப் போட்ட கஞ்சி வாசனை விரலைவிட்டுப் போகாது. அப்படியே குளித்து, அப்படியே பள்ளிக்கூடம். நம் வகுப்பில் பாதிப் பேர் அரைத்தூக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். இது எந்த ஆசிரியருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

சார் அப்போது வேலைக்கு வந்த புதிது. வெளியூர். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றதும் அவருக்குக் கைகால் ஓடவில்லை. சுவாசம் பாடத்தை நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்தார். தானே உட்கார்ந்து ஒரு நுரையீரல் படம் வரைந்தார். உங்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கிறதா? மேலும் கீழும் மூங்கில் குச்சி வைத்த பெரிய துணிப் படம். இரண்டு பக்கமும் ரோஸ் நிறத்தில் கத்திரிக்காய் போல நுரையீரல். சிவப்பும் நீலமுமாக ரத்தக்குழாய்கள். நன்றாகத்தான் வரைந்திருந்தார். பெயின்ட் காயாமல் வகுப்பெல்லாம் நாறியது. அந்தப் படம் எங்கே போயிற்றோ. கிடைத்தால் நான் கோர்ட்டிலேயே சாட்சியாக மாட்டுவேன்.

கேள்வி, பதில் எல்லாம் முன்கூட்டியே ஒத்திகை. யார் எந்தக் கேள்விக்குக் கையைத் தூக்க வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. "கொட்டாவி ஏன் வருகிறது?" என்ற கேள்வி என் தோழிக்கு. "உடலில் ஆக்சிஜன் குறையும்போது அதை ஈடுகட்டக் கொட்டாவி வருகிறது" என்று அவள் சொல்ல வேண்டும். வகுப்பிலேயே திக்காமல் பேசுகிறவள் அவள்தான். அவளும் நானும் ஒரே பெஞ்ச். அவளுடைய அப்பா தறிக்காரர். அவர் தறியில் சேலைக் கரைக்கு நாடாவை, அதாவது ஊடு நூல் ஓடும் கட்டையை, தள்ளுகிற ஆள் நின்றுபோய், வீட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. 'பொண்ண உட்கார வெச்சிடலாமா' என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் அவள் நல்ல பேர் வாங்கினால் நம் தலைமையாசிரியை பெரிய டீச்சரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அந்த ஒரு பதிலை அவள் சாமி மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

அந்த நாள் வந்தது. சுண்ணாம்பு வாசனை, பினாயில் வாசனை. ஆய்வாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய டீச்சர். படத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு குச்சியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் நம் கிளாஸ் லீடர். இன்றைக்கு இந்த விழாவை முன்னின்று நடத்துகிறானே, அவனேதான்.

சார் கேட்டார்: "கொட்டாவி ஏன் வருகிறது?"

அந்தச் சொல்லைச் சொன்ன வாய் மூடவே இல்லை. சடக்கென்று படத்தின் பக்கம் திரும்பினார், மூச்சுக்குழாயைச் சுட்டிக்காட்டுவது போல. ஆய்வாளருக்கு முதுகு. எங்கள் பக்கத்துக்கு அவர் தாடை தெரிந்தது. அது இறங்கி, இறங்கி, காது வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். கண்ணில் நீர்.

என் தோழி எழுந்தாள். "உடலில் ஆக்..." என்றாள். அவ்வளவுதான். வாய் பிளந்தது. நீளமான, அழகான, சத்தத்தோடு ஒரு கொட்டாவி. ஆய்வாளரைப் பார்த்தபடியே.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு துள்ளுகிறது. முதல் பெஞ்ச் மொத்தமாக வாயைத் திறந்தது. இரண்டாம் பெஞ்ச். அப்புறம் பையன்கள் பக்கம். படத்தைப் பிடித்திருந்த லீடர் குச்சியோடு வாயைப் பிளக்க, நுரையீரல் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் உதட்டைக் கடித்தேன், முடியவில்லை. வயலில் காற்று போவது போல வகுப்பின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பெரிய டீச்சர் கையை வாய்க்கு நேரே கொண்டுபோய் 'டக், டக்' என்று சொடக்கு போட்டுக்கொண்டே கொட்டாவி விட்டார். கடைசியில் ஆய்வாளர். "சிவ சிவா" என்று அவரும் ஒரு சொடக்கு போட்டார். ஒரு கூட்டமே ஒரே வாயாக ஆனதை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆய்வாளர் எழுந்தார். "பாடம் ரொம்ப நல்லாத்தான் நடக்குது" என்றார். போய்விட்டார்.

பெரிய டீச்சர் சாரைப் பார்த்தார். சார் கையை நீட்டினார். என் தோழியை நோக்கி.

"இவதான் மேடம் ஆரம்பிச்சா. வேணும்னே பண்ணா."

நான் எழுந்து சொன்னேன்: "இல்ல மேடம், சார்தான் மொதல்ல வுட்டாரு." ஸ்கேல் வந்தது அப்போதுதான்.

மறுநாள் அவள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சார் அவரிடம், "கிளாஸ்ல தூங்குறா, மத்தவங்களையும் கெடுக்குறா. கொஞ்ச நாள் வீட்லயே வெச்சுக்கோங்க" என்றாராம். அந்த மனிதர் யாரிடமும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அடுத்த கூத்து. அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா, திருஷ்டி கழிப்பதில் அந்தத் தெருவுக்கே பேர் போனவர். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுற்றிப் போடுகிறவருக்குக் கொட்டாவி வந்தால் எதிரில் இருப்பவருக்குக் கண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை கொட்டாவியோ அத்தனை கண். உப்பும் மிளகாயும் தெருமண்ணும் கையில் மூடிக்கொண்டு அத்தை சுற்ற ஆரம்பித்தார். உட்கார்ந்திருந்தவள் அழுது களைத்துப்போய்க் கொட்டாவி விட்டாள். அத்தைக்கும் வந்தது. அவருக்கு வந்ததும் மறுபடி இவளுக்கு. இப்படியே மாறி மாறி. அத்தைக்குக் கண்ணெல்லாம் நீர்.

"யப்பா, எவ்ளோ கண்ணுடா! பள்ளிக்கூடமே இவ மேல கண்ணு வெச்சிருக்குது. நல்லா படிக்கிறாளேன்னு எரிஞ்சிக்கினு இருக்குதுங்க. இனிமே அங்க அனுப்பாத. தறியில குந்தட்டும்."

பாருங்கள். பள்ளிக்கூடம் அவளைச் சோம்பேறி என்றது. வீடு அவளைக் கண்பட்டவள் என்றது. இரண்டு பக்கமும் சாட்சி ஒரே கொட்டாவி. மறுநாள் காலை அவள் அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். "நீ போடி, மணி அடிச்சுடப் போறாங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நான் என்ன செய்வேன்? பள்ளிக்கூடம் போனேன். தறியில் இழை அறுந்தால் அறுந்த நுனியையே பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். விரலை வைத்து வந்த வழியே பின்னால் போவார்கள், எங்கிருந்து விட்டுப்போனது என்று. நானும் அப்படித்தான் போனேன். கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நீ யாரப் பாத்து வுட்ட?"

"எத?"

"கொட்டாவிடா."

அந்தப் பேச்சை எடுத்ததுமே அவன் வாயைப் பிளந்தான். எனக்கும் வந்தது. "இவனப் பாத்துதான்" என்று முன்னால் இருந்தவனைக் காட்டினான். அவனிடம் போனேன், அவன் இன்னொருத்தியைக் காட்டினான். கேட்ட இடமெல்லாம் கேள்வியே கொட்டாவி ஆனது. கழிப்பறைப் பின்சுவரில் கரித்துண்டால் பெஞ்ச் பெஞ்சாகக் கட்டம் போட்டு, யாரிடமிருந்து யாருக்கு என்று கோடு இழுத்தேன். அந்தச் சுவர் இப்போது இல்லை, டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். ஆனால் கோடுகள் எனக்கு மனப்பாடம். எல்லாம் முன்னால், முன்னால் போய் மூன்று பேரிடம் நின்றன. என் தோழி, முதல் பெஞ்ச் ஓரத்தில் இருந்தவள், கிளாஸ் லீடர். மூன்று பேருக்கும் முன்னால் ஒரே ஓர் ஆள்தான்.

லீடரைப் பம்படியில் மடக்கினேன்.

"நீ யாரப் பாத்த? சொல்லு."

"எனக்குத் தெரியாதுபா."

"படத்த நீதான புடிச்ச? அவரு மூஞ்சி உன் மூஞ்சிக்கு எதிர்லதான இருந்துச்சு?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "உள்நாக்கு வரைக்கும் பாத்தேன்டி" என்றான். "ஆனா நான் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னாத்துக்கு வம்பு?"

லீடரே, இது நீ சொன்ன வார்த்தை. மறந்திருந்தால் இப்போது படித்து நினைவுபடுத்திக்கொள்.

அடுத்து ஆக்சிஜன். அதையும் நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் சைக்கிளில் ஓரிக்கைக்குப் போனோம், பாலாற்று மணலுக்கு. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அங்கே ஆக்சிஜனுக்கு என்ன பஞ்சம்? நான் பொய்யாக ஒரு கொட்டாவி விட்டேன். அண்ணன் நிஜமாக விட்டான். நான் மறுபடி நிஜமாக விட்டேன். கூட ஓடி வந்த நாய்கூட எங்களைப் பார்த்து நாக்கைச் சுருட்டிக்கொண்டு ஒன்று விட்டது. நான் மணலில் குதித்தேன். "காத்து இல்லாததால இல்லடா! பாக்குறதால வருது!" என்று கத்தினேன். "உனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சு" என்றான் அண்ணன், இன்னொரு கொட்டாவி விட்டுக்கொண்டே.

இப்போது அத்தையை வழிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு என் அண்ணனே ஆயுதம். அவன் அப்போது பத்தாவது ஃபெயில். முகமெல்லாம் பரு. ஊதினால் விழுகிற உடம்பு. உலகத்தில் யாரும் அவன்மேல் கண்வைக்கக் காரணமே கிடையாது. அவனைக் கொண்டுபோய் என் தோழி வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தேன். "அத்த, இவன் சோர்ந்து சோர்ந்து படுக்கறான். சுத்திப் போடுங்க" என்றேன். தறியில் இருந்த தோழியை இழுத்து வந்து என் பக்கத்தில் நிற்க வைத்தேன். அத்தை சுற்ற ஆரம்பித்ததும் நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்துக்கு எதிரே கொட்டாவி விட்டோம். முதலில் நடிப்பு. பிறகு நிஜம்.

அத்தைக்குத் தாடை கழன்றுவிடும் போல ஆகிவிட்டது.

"இன்னாடி இது! உனக்கு வந்தத விட இவனுக்கு ஜாஸ்தியா வருது!"

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? எம்மேல கூட கண்ணு வெக்க ஆளுங்க இருக்குது."

"இருடா" என்றேன். வாசலில் கிடந்த அவன் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். மட்கார்டு இல்லாத, துருப்பிடித்த சைக்கிள். "இதுக்கும் ஒரு தரம் சுத்துங்க அத்த. சும்மா."

அத்தை முறைத்தார். ஆனாலும் சுற்றினார். நாங்கள் வாயைத் திறந்தோம். சைக்கிளுக்கும் கொட்டாவி வந்தது.

"இந்த ஓட்ட சைக்கிளுக்கு எவன்டி கண்ணு வெச்சான்?"

"அதான் அத்த. இப்ப செவுத்தப் பாத்து நின்னுக்கினு சுத்துங்க. எங்களப் பாக்காதீங்க."

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றோம். அண்ணனைச் சுவரோரம் உட்கார வைத்தேன். அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றினார். மறுபடி சுற்றினார். ஒன்றும் வரவில்லை. காத்திருந்தார். ஒன்றுமே வரவில்லை. மெதுவாகத் திரும்பினார். கையில் இருந்த மிளகாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோழியைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு எனக்கு வந்தது..."

"உன்னால எனக்கு வந்துச்சு, என்னால உனக்கு வந்துச்சு அத்த" என்றாள் தோழி. "வேற ஒண்ணும் இல்ல."

உள்ளே தறிச் சத்தம் நின்றிருந்தது. அவள் அப்பா எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று பெரிதாகக் கொட்டாவி விட்டார். அத்தை முதலில் சிரித்தார், பிறகு நாங்கள், பிறகு அவர். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. "நாளைக்கு அனுப்பிச்சுடுக்கா. தறிக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அத்தை தான் நம்பியதைத் தன் கையாலேயே சோதித்துப் பார்த்து, தப்பு என்று தெரிந்ததும் சிரித்தார். படிக்காதவர், படித்தவர் என்று நான் பிரிக்கவில்லை. சிரிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்றுதான் பிரிக்கிறேன்.

ஏனென்றால் மறுநாள் சார் சிரிக்கவில்லை. நிபந்தனை போட்டார். காலைப் பிரார்த்தனையில், மைக்கில், பள்ளிக்கூடத்துக்கே கேட்கிற மாதிரி, "நான்தான் முதலில் கொட்டாவி விட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வகுப்பு.

அந்த மைக் நினைவிருக்கிறதா? எச்சில் படாமல் கைக்குட்டை கட்டி வைத்திருப்பார்கள். தொட்டால் கீச்சென்று கத்தும். அவளுக்கு எட்டவில்லை. எக்கி நின்று சொன்னாள். திக்கவில்லை. "நான்தான் முதலில் கொட்டாவி விட்டேன்."

அந்தச் சொல் ஸ்பீக்கரில் போனதும் மைதானமே கொட்டாவி விட்டது. வரிசை வரிசையாக. அப்புறம் ஒரே சிரிப்பு. அன்றைக்கு அவளுக்கு விழுந்த பெயர்தான் 'கொட்டாவி'. நான் அவளைப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த சாரைப் பார்த்தேன். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். மூக்குத் துவாரம் விரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது. சார் விழுங்கிவிட்டார். உள்ளே வந்த கொட்டாவியை அப்படியே விழுங்கிவிட்டார்.

இவ்வளவு வருடம் கழித்து எனக்குச் சில விஷயங்கள் புரிகின்றன. கொட்டாவி ஏன் வருகிறது என்று படித்தவர்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியவில்லை. ஆக்சிஜன் குறைவு காரணமில்லை என்கிறார்கள். சூடான மூளையைக் குளிரவைக்கத்தான் என்று சிலர், தூங்கப்போகிற உடம்பை உசுப்பத்தான் என்று சிலர். பயத்தில்கூட வருமாம். ஒருவர் விட்டால் இன்னொருவருக்கு ஒட்டுவது, நாம் அடுத்தவர் முகத்தை நம் முகம் போலவே பார்ப்பதால் என்கிறார்கள். நெருக்கமானவர்களிடம் சீக்கிரம் ஒட்டுமாம். இதைப் படிக்கும்போது உங்களில் பாதிப் பேர் விட்டிருப்பீர்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சார் அன்றைக்குச் சின்னப் பையன்தான். முந்தின இரவெல்லாம் படம் வரைந்து, பயந்து, தூங்காமல் வந்திருக்கிறார். நாங்கள் பாவு பிடித்துவிட்டுத் தூங்காமல் வந்தது போலத்தான். பயந்தது தப்பில்லை. கொட்டாவி தப்பே இல்லை. கையை நீட்டி அவளைக் காட்டினாரே, அது தப்பு. மைக்கில் அவளைச் சொல்ல வைத்தாரே, அது பெரிய தப்பு.

அவள் பிறகு படித்தாள், வேலைக்குப் போனாள். அதெல்லாம் அவள் கெட்டிக்காரத்தனம். ஆனால் பெயர் கூடவே போனது. போன தையில் அவள் மகள் கல்யாணப் பத்திரிகையை நம் குரூப்பில் நான் போட்டபோது, கீழே ஒருவன் "கொட்டாவி வீட்டுக் கல்யாணமா?" என்று எழுதினான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மண்டபத்திலும் யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள். மகள் கேட்டாளாம், "உன்ன ஏம்மா அப்படிக் கூப்புடுறாங்க?" என்று. விழாவுக்கு வா என்று நான் கூப்பிட்டதற்கு என் தோழி, "நீ போய்ட்டு வாடி" என்றாள். அன்றைக்கு ஜன்னல் வழியாகச் சொன்ன அதே குரல்.

சார், விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். நம் ஊர்ப் பட்டு. போர்த்திக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நம் லீடர் நிற்பான். உள்நாக்கு வரைக்கும் பார்த்தவன். அதன் பிறகு உங்கள் கையில் மைக் கொடுப்பார்கள். உங்களுக்கு எட்டும். நான் முதல் வரிசையில், அன்றைக்கு உங்கள் தாடையைப் பார்த்த அதே பக்கம், உட்கார்ந்திருப்பேன். அவளையும் எப்படியாவது இழுத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைப்பேன்.

வாழ்த்துரை, அறிவுரை எதுவும் வேண்டாம். அவள் சொன்ன மாதிரியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, திக்காமல் சொல்லுங்கள். அன்றைக்கு முதல் கொட்டாவியை விட்டது யார்?